ஆசான் என்றொரு சொல்

கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி 2014இல் தோன்றியது. முதல் பத்தாண்டுகளில், இடைக்காலப் பொறுப்பாளர்களையும் சேர்த்தால், பத்துப் பேருக்கு மேல் அதன் பயிற்சியாளராக இருந்துள்ளனர். பீட்டர் டெய்லர் 2015இல் பருவத்தின் நடுவிலேயே விலக நேர்ந்தது. 2016இல் இறுதிப்போட்டி வரை கொண்டுசென்ற ஸ்டீவ் காப்பலும் மறு பருவத்தில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். ஆக, தோல்வி மட்டுமே காரணம் எனச் சொல்லிவிட இயலாது. பருவத்தின் நடுவே பதினொருவரை மாற்ற வழியில்லை, ஒருவரை மாற்றலாம். வசதி அதில்தான் இருக்கிறது.

2021இல் வந்த செர்பியர் இவான் வுகோமனோவிச் மூன்று பருவங்கள் நிலைத்தார். மட்டாஞ்சேரி முதல் கலூர் மைதானம் வரை ரசிகர்கள் அவரை ‘ஆசான்’ என்றே அழைத்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலாசிரியரைக் குறிக்கும் சொல் அது. மலையாளத்தில் களரிக்கும் கதகளிக்கும் இன்றும் உரியது. ஆண்டுக்கணக்கில் மாணவரை உருவாக்குபவரையே அது சுட்டும். ஒப்பந்தப் பணியாளருக்கு அச்சொல்லை ஈந்தது என்னளவில் ஒரு கோரிக்கை.

அவரும் 2024 ஏப்ரலில் விலகினார். அடுத்து வந்த மிக்கேல் ஸ்டாரே ஏழு மாதங்களே நீடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் ‘மஞ்ஞப்பட’ ரசிகர்கள் எதிர்த்தது நிர்வாகத்தை. சில நாட்களில் நீக்கப்பட்டவர் ஸ்டாரே.