கடனைக் கட்டியும் தீராத 'சிபில்' தலைவலி: டெல்டா விவசாயிகள் செய்ய வேண்டியது என்ன?

தஞ்சாவூர்:-

மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டால் டெல்டா மாவட்டங்களில் வயல் வேலையும் பேங்க் வேலையும் ஒன்றாகத்தான் தொடங்கும். நாற்றங்கால், உழவு, உரம் என்று எதற்கும் கையில் காசு வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு பேங்க் வாசலுக்குப் போனால், மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பழைய டிராக்டர் லோன் ஒன்னு நிக்குதே" என்கிறார். அதைத்தான் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போயாச்சே என்று ரசீதைக் காட்டினாலும் வேலைக்கு ஆவதில்லை.

கடனைக் கட்டுவது வேறு, கடன் அறிக்கையில் பேர் சரியாவது வேறு. இது தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்லோரும் 'சிபில்' என்று சொன்னாலும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கம்பெனிகள் மொத்தம் 4. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவைதான் அவை. 2005-ம் ஆண்டு சட்டத்தின்படி இவை இயங்குகின்றன. பேங்க், பைனான்ஸ் கம்பெனி, மகளிர் குழுக் கடன் கொடுக்கும் கம்பெனி எல்லாம் இவற்றுக்குக் கணக்கு அனுப்புகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் போட்டவர் அறிக்கையில் வரும். மச்சானுக்காகப் போட்ட கையெழுத்து பத்து வருஷம் கழித்து வந்து நிற்பது இப்படித்தான்.

'செட்டில்டு' என்றால் சந்தோஷப்படாதீர்கள்

பிரச்சினையே இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. 3 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வசூல் ஏஜெண்டு வந்து, "1 லட்சத்து 80 ஆயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம்" என்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டியாகிவிட்டது. கட்டியவருக்கு அது முடிந்த கடன். பேங்குக்கோ 1 லட்சத்து 20 ஆயிரம் நஷ்டம். அதனால் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அதற்கு முன்பே வாராக்கடன் என்று பேங்க் தள்ளி வைத்திருந்தால், 'ரிட்டன் ஆப்' ஆன பிறகு செட்டில் ஆனதாக வரும். அடுத்து கடன் கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இதைச் சரி செய்ய நேர்வழி ஒன்றுதான். விட்டுக்கொடுத்த மீதித் தொகையையும் கட்டி, கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்ட கடிதம் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கட்டுவது நல்லது. அப்போதும் பழைய தவணை தவறிய விவரம் உடனே மறையாது. 7 வருஷத்தில் தானாக அழிந்துவிடும் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். விவரங்களைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் வட்டியோடு முழுசாகக் கட்டி 'குளோஸ்டு' ஆன கணக்கு நாளாக நாளாகப் பலம் சேர்க்கும்.

பேசி முடித்த கடனுக்குப் பிறகு புதுக்கடனுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. விவசாயக் கடன் அல்லாதவற்றுக்குக் குறைந்தது 12 மாதம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சொன்னது. விவசாயக் கடனுக்கு அந்தந்த பேங்க் வைத்திருக்கும் கொள்கைப்படி.

ஏஜெண்டு ரசீது போதாது

வசூல் ஏஜெண்டு கொடுக்கும் துண்டு ரசீதை மட்டும் நம்பக் கூடாது. கடன் கொடுத்தவரிடம் இருந்தே 'பாக்கி இல்லை' சான்று வாங்க வேண்டும். பேங்க் அந்தக் கடனை சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிக்கு விற்றிருந்தால், சான்று அந்தக் கம்பெனியிடம் வாங்க வேண்டும். அறிக்கையிலும் அதன் பேர்தான் இருக்கும். நிலப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், முழுத்தொகை கட்டிய 30 நாளில் திருப்பித் தர வேண்டும். பேங்க் பக்கத்தால் தாமதம் ஆனால் நாளுக்கு 5 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கதை இன்னும் பழசு. 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வருமானம் நின்றதால் மகளிர் குழுத் தவணைகள் தவறின. பிறகு கட்டியவர்களும் தங்கள் பேர் எப்படிப் பதிவாகி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாங்காத கடனுக்கும் பேர் கெடலாம். பாபநாசம் தாலுகா திருமண்டங்குடி சர்க்கரை ஆலை விவகாரத்தில், தங்கள் பேரில் பேங்க் கடன் எடுக்கப்பட்டு நோட்டீஸ் தங்களுக்கு வருகிறது என்பது கரும்பு விவசாயிகளின் புகார். 2022 நவம்பர் 30-ந்தேதி அங்கே போராட்டம் தொடங்கியது.

2025-ல் கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்ததும் டெல்டா கொதித்தது. வேறு இடத்தில் கடன் நிலுவை உண்டா என்று பார்க்கத்தான், மதிப்பெண்ணை வைத்து மறுக்க அல்ல என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். சொசைட்டிக் கடன் சரி. டிராக்டருக்கும், அறுவடை மெஷினுக்கும் பேங்க்தானே கதி?

புகார் செய்வது எப்படி?

முதலில் அறிக்கையைப் பாருங்கள். 4 கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டிய கடன் 'பாக்கி' என்றே இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். கணக்கு அனுப்பும் இடைவெளியை 2025 ஜனவரி 1 முதல் 15 நாளாக ரிசர்வ் வங்கி குறைத்தது. அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால், சான்று நகலோடு பேங்குக்கும், அறிக்கை கொடுத்த கம்பெனிக்கும் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி தானாகத் திருத்த முடியாது, பேங்க் சொன்னால்தான் திருத்தும். 'என் கணக்கு இல்லை' என்றும் புகார் செய்யலாம்.

புகாருக்கு 30 நாள் கெடு. அதில் பேங்குக்கு 21 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் புகார்தாரருக்குக் கிடைக்கும். 2024 ஏப்ரல் 26 முதல் இந்த விதி. இதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு, கேட்காதவர்கள்தான் அதிகம்.

"சிபிலைச் சரி செய்து தருகிறோம், 5 ஆயிரம் கட்டுங்கள்" என்று வருபவர்களிடம் ஏமாற வேண்டாம். அவர்கள் செய்வதும் இதே புகார்தான். அதற்குக் கட்டணம் கிடையாது.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் அறிக்கைக் கம்பெனிகளும் 2022 செப்டம்பர் 1 முதல் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. இதற்கும் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.