வீடுதோறும் கேட்ட கேள்விகள்: குடும்பக் கணக்கெடுப்புகளும் ஏற்றத்தாழ்வின் வரலாறும்

இஸ்லாமிய ஆட்சிமுறை வரலாற்றில் மக்களைக் குடும்பவாரியாகப் பதிவேட்டில் ஏற்றிய பெருமுயற்சி, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நிறுவிய தீவான் ஆகும். அது ஹிஜ்ரி 15இல் தொடங்கியதென்று சிலரும், 20இல் தொடங்கியதென்று வேறு சிலரும் எழுதுவர். வம்சாவளி அறிவில் வல்லவர்களான அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய மூவரும் குலம் குலமாகப் பெயர்களை எழுதினர். அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்த செல்வத்தைச் சமமாகப் பங்கிட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, இஸ்லாத்தை முந்தி ஏற்றோர், பத்ரில் கலந்துகொண்டோர் என்ற வரிசைப்படி மானியத்தைக் கூட்டியும் குறைத்தும் வழங்கினார்கள். சமப்பங்கீடு சிறந்ததா, தகுதிப்பங்கீடு சிறந்ததா எனப் பின்வந்த அறிஞர்கள் துல்லியமாக விவாதிக்க முடிந்தது ஏன்? யாருக்கு எவ்வளவு என்பது எழுதப்பட்டிருந்ததே காரணம். எழுதப்படாத ஏற்றத்தாழ்வைப் பற்றிப் புலம்பலாம், ஆராய்தல் அரிது.

தீவான் பங்கிடுவதற்காக எழுதப்பட்ட ஏடு. மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிவதற்கென்றே வீடுவீடாகச் சென்று கேட்பதும், அதனை ஆண்டுகள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் கேட்பதும் அண்மைக் காலத்து வழக்கம். இத்துறையில் விடுதலை பெற்ற இந்தியா உலகிற்கு முன்னோடியாய் நின்றது என்பதை நம்மில் பலர் அறியார்.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தோற்றுவித்த பேராசிரியர் மகலனோபிஸ் (1893-1972) வழிகாட்ட, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்று 1950 அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை நடந்தது. நாட்டின் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட சிற்றூர்களிலிருந்து 1,833 சிற்றூர்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆயின் மேலே கிடக்கும் பருக்கையை மட்டும் எடுத்தால் அடிச்சோறு வெந்ததா என்பது தெரியாது. எந்தப் பருக்கையும் எடுக்கப்படும் வாய்ப்புப் பெற வேண்டும். சாலையோரத்து ஊரையும் ஊர்த்தலைவர் காட்டிய வீட்டையும் நாடாமல், குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்வதன் பொருள் இதுவே.

1972-73 முதல் நுகர்வுச் செலவும் வேலைவாய்ப்பும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரிவாகக் கேட்கப்பட்டன. வறுமைக்கோடு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இவ்வேடுகளையே ஆதாரமாகக் கொண்டவை. தொடர்ந்து கேட்பதன் பயன், கேள்வி மாறாதிருக்கும் வரைதான் உண்டு. 1999-2000ஆம் ஆண்டுச் சுற்றில், உணவுச் செலவை ஏழு நாள் கணக்காகவும் முப்பது நாள் கணக்காகவும் ஒரே குடும்பத்திடம் கேட்டனர். ஒரு விடை மற்றதைப் பாதித்தது. அதன் விளைவாக, வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது குறித்து அறிஞரிடையே நெடும் வாதம் எழுந்தது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராய்வோர்க்கு இது புதிதன்று. செய்தியை ஏற்குமுன் அது வந்த வழியை ஆராய்தல் வேண்டும்.

இக்கணக்கெடுப்புகள் நம் சமுதாயத்தைத் தொட்ட நேரம் 2005 மார்ச்சில் வாய்த்தது. டெல்லி உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் பிரதமர் மன்மோகன் சிங் ஒரு குழுவை அமைத்தார். பொருளியலறிஞர் அபூஸாலிஹ் ஷரீஃப் அதன் உறுப்பினர் செயலராயிருந்தார். 2006 நவம்பரில் அளிக்கப்பட்ட அறிக்கை, 2001 மக்கள்தொகைக் கணக்கையும் மாதிரிக் கணக்கெடுப்பின் சுற்றுகளையும் அருகருகே வைத்துப் படித்தது. முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 65.1. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள முஸ்லிம் குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர்.

முஸ்லிம்கள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மத்ரஸாவுக்கு அனுப்புவதே பின்தங்கலுக்குக் காரணம் என்ற பேச்சு அந்நாளில் பரவலாயிருந்தது. மத்ரஸாவில் பயின்று அரபுக் கல்லூரியில் பயிற்றுவிக்கும் நாம் அதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். குழு எடுத்தாண்ட விவரங்களோ, பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே மத்ரஸாக்களில் பயில்வதாகக் காட்டின. பள்ளிக்குச் சென்றுகொண்டே காலையிலோ மாலையிலோ குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளின் மக்தபையும், முழுநேர மத்ரஸாவையும் ஒன்றாக எண்ணியதே குழப்பத்தின் வேர் எனவும் அறிக்கை விளக்கியது. மேடைப் பேச்சுகள் செய்ய முடியாததை வீடுதோறும் கேட்ட ஓர் எளிய கேள்வி செய்தது. ஆனால் அதே ஏடு நம்மிடமும் ஒரு வினாவை விட்டுச் சென்றது. பள்ளியிலும் இல்லாத, மத்ரஸாவிலும் இல்லாத அக்குழந்தைகள் எங்கே?

இன்னொரு செய்தி நம் உள்வீட்டைப் பற்றியது. 1999-2000ஆம் ஆண்டுச் சுற்றில்தான் இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு தனியே குறிக்கப்பட்டது. அப்போது முஸ்லிம்களில் 31.7 விழுக்காட்டினர் தம்மை அப்பிரிவினர் என்றனர், 2004-05இல் 40.7 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். ஐந்தாண்டில் பிறப்பு இறப்பால் இம்மாற்றம் நேராது. தம்மைக் கூறிக்கொள்ளும் முறை மாறியதே பெரிதும் காரணமாகலாம். உம்மத் ஒன்றே என்பது நம் கொள்கை. அதற்குள்ளும் உயர்வு தாழ்வு வாழ்கிறது என்பதை ஒப்புக்கொள்ள இவ்வெண்கள் நம்மை வற்புறுத்துகின்றன.

சுற்றுதோறும் வெவ்வேறு வீடுகளைக் கேட்பதில் ஒரு குறையுண்டு. இரு சுற்றுகளிலும் நூற்றுக்கு முப்பது குடும்பங்கள் ஏழைகள் எனில், அவை அதே முப்பதா, வேறு முப்பதா? இதை அறிய அதே வீட்டுக்கு மீண்டும் செல்ல வேண்டும். 2004-05இல் 41,554 குடும்பங்களைக் கண்ட இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, 2011-12இல் அவற்றுள் 83 விழுக்காட்டுக் குடும்பங்களை மீண்டும் கண்டது. வருமானத்தோடு, மருத்துவர், ஆசிரியர், அரசு அலுவலர் எவரையேனும் உங்கள் குடும்பம் அறியுமா என்றும் அது கேட்டது. அறிமுகமின்மையும் ஒருவகை வறுமையே. ஸகாத்தைப் பங்கிடுவோர்க்கு இவ்வேறுபாடு முக்கியமானது. ஓராண்டு இடரில் விழுந்தவர்க்கு ஏற்ற உதவி வேறு. தலைமுறையாய்த் தாழ்ந்து கிடப்பவர்க்கு ஏற்றது வேறு.

இத்தகைய சங்கிலி அறுவதும் உண்டு. 2017-18ஆம் ஆண்டு நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவின் தரத்தைக் காரணங்காட்டி வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. 2011-12க்குப் பின் 2022-23ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே வெளிவந்தது. அதுவும் ஒரு குடும்பத்தை மூன்றுமுறை சந்திக்கும் புதிய முறையில் அமைந்ததால் பழையதோடு நேரே ஒப்பிட இயலாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாண்டில் நடைபெறவில்லை. இவ்விடைவெளியில் வளர்ந்த பிள்ளைகளின் நிலையை, இருபதாண்டுக்கு முந்தைய சச்சார் அறிக்கையின் எண்களைக் கொண்டே இன்றும் பலர் பேசுகின்றனர். பழைய எண் புதிய வாதத்திற்குச் சான்றாகாது.

கேட்போர் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று கோரும் நாம், கேட்கப்படும்போது உண்மையுரைக்கவும் கடமைப்பட்டவர்கள். கௌரவத்திற்காக வருவாயைக் கூட்டியும் சலுகைக்காகக் குறைத்தும் சொல்வது சாட்சியத்தைத் திரிப்பதாகும்; சாட்சியத்தை மறைப்பதைக் குர்ஆன் பாவமெனக் கண்டிக்கிறது. தமிழகத்து மஹல்லாக்களில் சந்தாப் பதிவேடும் நிக்காஹ் பதிவேடும் தலைமுறை தலைமுறையாய்ப் பேணப்படுகின்றன. அவற்றை அடித்தளமாகக் கொண்டு, படிப்பு, தொழில், கடன், நோய், வீட்டு நிலை ஆகிய ஐந்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அதே சொற்களில், எல்லா வீடுகளிலும் கேட்டு எழுதிவைப்பது எந்த ஜமாஅத்திற்கும் இயலாததன்று. ஒருவர் சொன்னது மற்றவர் காதுக்குப் போகாமல் காப்பதும் அதன் நிபந்தனையாக வேண்டும். அப்போது அடுத்த தலைமுறை, தன் ஊரில் யார் முன்னேறினர், யார் விடுபட்டனர் என்பதை ஊகத்தால் அன்றி ஏட்டால் அறியும்.