எட்டுக் கால் சிப் உலகம் சுற்றிய கதை

‘சிப் போட்டதா, போடாததா?’ பழைய பிளேஸ்டேஷன் வாங்கப் போனவர்கள் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். போட்டது என்றால் நகல் டிஸ்க்கும் ஓடும், ஜப்பான் டிஸ்க்கும் ஓடும். போடாதது என்றால் இரண்டும் ஓடாது. இதற்கு மேல் அந்தச் சிப்பைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

மூடியைத் திறந்தால், சுண்டுவிரல் நகம் அளவில், எட்டுக் கால்களுடன், சில மெல்லிய கம்பிகளின் முனையில் போர்டின் ஓரமாகக் கிடக்கும். ஏதோ பரம ரகசியப் பொருள் என்று தோன்றும். உண்மையில் அது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பிக்12சி508 என்ற மலிவுச் சிப். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் மைக்ரோசிப் நிறுவனத்தின் தயாரிப்பு. அதில் 512 கட்டளைகளுக்கு மேல் எழுத முடியாது. தற்காலிக நினைவகம் வெறும் 25 பைட். பிளேஸ்டேஷனில் சோனி போட்ட பூட்டைத் திறக்க அதுவே தாராளம்.

இந்தச் சிப்பின் வம்சம் வேடிக்கையானது. 1970களின் நடுவில் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் சிபி1600 என்ற பிராசசரைச் செய்தது. கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் வெளியிலிருந்து வரும் பட்டன், சுவிட்ச் சங்கதிகளைக் கவனிப்பதில் மந்தம். அந்தச் சில்லறை வேலைகளுக்கு எடுபிடியாக உருவாக்கப்பட்டதுதான் முதல் பிக். சிபி1600இன் தம்பியான சிபி1610, பிறகு மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் விளையாட்டுப் பெட்டிக்கு மூளையானது. எசமான் வரலாற்றில் காணாமல் போனார். எடுபிடி மட்டும் 1980களின் இறுதியில் மைக்ரோசிப் என்ற தனி நிறுவனத்துக்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்து, வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றுக்குள்ளும் குடியேறிவிட்டார். ஆக, விளையாட்டுப் பெட்டிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததாக நாம் நினைக்கும் சிப்புக்கு அந்த வீட்டோடு பழைய உறவு உண்டு.

சிப்புக்கு வேலை வந்தது பூட்டு வந்ததால். 1980களின் தொடக்கத்தில் அட்டாரி பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து விற்கலாம் என்ற நிலை. குப்பை விளையாட்டுகள் குவிந்து, 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்காத சரக்கை அட்டாரி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014இல் அதைத் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். இதைப் பார்த்துப் பாடம் படித்தது ஜப்பானின் நிண்டெண்டோ. 1985இல் அமெரிக்காவுக்கு வந்த என்இஎஸ் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப், கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சாவிச் சிப். இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் பெட்டி நொடிக்கு ஒருமுறை தன்னைத் தானே அணைத்து எழுப்பிக்கொண்டே இருக்கும்.

1990களில் மரியோ ஆடிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை தெரியாது. நம் வீடுகளுக்கு வந்தவை 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் நகல்கள். அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் இருந்த பூட்டு அந்த ஜப்பான் மூலத்தில் இல்லை. பூட்டில்லாத வீட்டை நகலெடுத்தவருக்குச் சாவி எதற்கு? கார்ட்ரிட்ஜில் ‘9999 விளையாட்டு’ என்று அச்சடித்து, உள்ளே ஒருசிலவற்றையே திரும்பத் திரும்ப வைத்து விற்றது தனி சாமர்த்தியம்.

அமெரிக்காவிலோ பூட்டை மூன்று விதமாகத் தாக்கினார்கள். அட்டாரி கேம்ஸ் நிறுவனம், தன் மீது வழக்கு இருக்கிறது என்று பொய் சொல்லி, பதிப்புரிமை அலுவலகத்தில் நிண்டெண்டோ பதிந்து வைத்திருந்த பூட்டின் நிரலையே வாங்கிவிட்டது. 1992இல் நீதிமன்றம் இதைக் கண்டித்தது. கலர் ட்ரீம்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜிலிருந்து திடீரென்று ஒரு மின்னழுத்த வெட்டு கொடுத்துப் பூட்டுச் சிப்பை மயங்க வைத்தன. இந்த இரண்டாவது உத்தியை மறந்துவிடாதீர்கள். இருபது ஆண்டு கழித்து அது திரும்பி வரும். மூன்றாவது வழிக்கு எதையும் வாங்கவே வேண்டாம்: பூட்டுச் சிப்பின் நான்காம் காலை போர்டிலிருந்து விடுவித்தால் காவல் ஓய்ந்தது.

பிளேஸ்டேஷன் பிறந்ததும் ஒரு மனஸ்தாபத்தில்தான். நிண்டெண்டோவுக்காக சிடி ஓடும் பெட்டியைச் சோனி செய்துகொண்டிருந்தது. 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, தாங்கள் பிலிப்ஸுடன் கூட்டு சேர்வதாக நிண்டெண்டோ அறிவித்துவிட்டது. மூக்குடைபட்ட சோனியில் கென் குத்தராகி என்ற பொறியாளர் விடாப்பிடியாக நின்றார். 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷன் வந்தது.

அதன் டிஸ்க்குகள் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். காவலே அந்தக் கறுப்பில்தான் என்று பலர் நம்பினார்கள். நிறத்துக்கும் பூட்டுக்கும் சம்பந்தமில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் தடம் நேராக ஓடாமல் மிக நுண்ணியதாக நெளிகிறது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. பெட்டியின் லென்ஸ் தடத்தைப் பின்தொடர நெளியும்போது அந்த எழுத்துகளைப் படித்துவிடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரின் டிரைவும் அதே நெளிவில்தான் போகிறது. ஆனால் நெளிவைச் சரிசெய்துகொண்டு தகவலை மட்டும் கொடுக்கிறது. ஆகவே பிரதியில் விளையாட்டு முழுதாக வரும், எழுத்துகள் வராது. நேர்த்தியான பூட்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

முதலில் வந்த வைத்தியம் கைவித்தை. மூடி திறந்திருப்பது பெட்டிக்குத் தெரியாதபடி சுவிட்சைப் பேனா ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்து, அசல் டிஸ்க்கைப் போட்டு, எழுத்துகள் படிக்கப்பட்ட கணத்தில் அதைத் தூக்கிவிட்டு நகலை வைப்பது. கை தாமதித்தால் டிஸ்க்கில் கீறல்தான் மிச்சம். அப்போதுதான் யாரோ யோசித்தார்கள்: டிரைவுக்கு வேண்டியது நான்கு எழுத்து, அதை டிஸ்க் சொன்னால் என்ன, வேறு யாராவது சொன்னால் என்ன? பிக் சிப்பில் அந்த எழுத்துகளை எழுதி, டிரைவைக் கவனிக்கும் சிப்புக்குப் போகும் பாதையில் பற்றவைத்தார்கள். பூட்டை உடைக்கவே இல்லை. வாசலில் நின்று அடையாளச் சொல்லைச் சொன்னார்கள், கதவு திறந்தது.

ஹாங்காங்கின் ஷாம் சுய் போ பகுதியில் கோல்டன் ஆர்கேட் போன்ற கம்ப்யூட்டர் சந்தைகளுக்கு இது திருவிழா. எந்த ஊரிலும் எவரும் பிக் சிப்பை மொத்தமாக வாங்கி, நிரலை ஏற்றி, ஒரு கம்பி வரைபடத்தோடு விற்கலாம். முதலில் செய்தவர்கள் தங்கள் நிரலை மற்றவர்கள் திருடக் கூடாது என்று சிப்புக்குள் பூட்டுப் போட்டார்கள்! அந்தப் பூட்டும் உடைபட்டு, நிரல் இணையத்தில் இலவசமாக உலவியது. நகல்காரர் வர்க்கத்தின் ரத்தத்தில் ஊறிய குணம் இது. பின்னாளில், 2014இல், நிண்டெண்டோ 3டிஎஸ்ஸுக்குக் கள்ளக் கார்டு செய்த கேட்வே என்ற குழு, தன் கார்டை நகலெடுத்தவர்களைப் பழிவாங்க, நகல் கார்டு போட்ட பெட்டிகளைச் செயலிழக்க வைக்கும் நிரலை அனுப்பியது. நகல்காரனுக்கு நகல்காரன் மேல் வரும் கோபம் அசல்காரனுக்குக்கூட வராது.

விளையாட்டு செய்தவர்களும் சும்மா இல்லை. முதல் தலைமுறைச் சிப்புகள் கிளிப்பிள்ளைபோல் அந்த எழுத்துகளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. நெளிவே இல்லாத இடத்திலும் எழுத்துகள் வந்தால் உள்ளே சிப் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சில விளையாட்டுகள் ஓட மறுத்தன. உடனே ஒருமுறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் ‘ஸ்டெல்த்’ சிப் வந்தது.

நீதிமன்றத்தில் நடந்த ஆட்டம் இன்னும் சுவாரசியம். சிட்னியில் சிப் விற்ற எடி ஸ்டீவன்ஸ் என்பவர் மீது சோனி வழக்குப் போட்டது. அது ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போய், 2005 அக்டோபரில் ஸ்டீவன்ஸ் வென்றார். சோனியின் பூட்டு நகலெடுப்பதைத் தடுப்பதில்லை, எடுத்த நகல் ஓடுவதை மட்டுமே தடுக்கிறது. ஆகவே சட்டம் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடு அது அல்ல என்றார்கள் நீதிபதிகள். அயல்நாட்டில் நியாயமாக வாங்கிய டிஸ்க்கையும் அந்தப் பூட்டு மறுக்கிறது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையமும் வாதாடியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது வேறு கதை. என்னைக் கேட்டால், திருட்டைத் தடுக்கும் பூட்டோடு நாட்டெல்லைப் பூட்டையும் ஒன்றாகக் கட்டியது சோனியின் தவறு. நேர்மையான வாடிக்கையாளரையும் சிப் கடைக்கு அனுப்பியது அந்த முடிச்சுதான்.

பிளேஸ்டேஷன் 2 வந்தபோது கம்பிகளின் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் வந்தது. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், போர்டில் இரண்டு சிப்புகளுக்கு இடையே ஓடும் பேச்சைத் தானே செய்த ஒரு சாதனத்தால் ஒட்டுக்கேட்டு ரகசியச் சாவியைக் கண்டுபிடித்தார். அவர் எழுதிய நூலை வெளியிட ஒப்புக்கொண்ட பதிப்பகம் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்க, 2003இல் தானே அச்சிட்டார். சிப் போட்ட எக்ஸ்பாக்ஸில் படம் பார்க்க ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் எக்ஸ்பிஎம்சி. 2014இல் அதன் பெயர் கோடி என்று மாறியது. இன்று உங்கள் டிவி பெட்டியில் கோடி இருந்தால், அதன் பிறப்பிடம் ஏதோ ஒரு சால்டரிங் மேசை. அதே காலத்தில், 2002இல், சிப்புகளை உலகெங்கும் அஞ்சலில் அனுப்பிய ஹாங்காங்கின் லிக்-சாங் கடை மீது சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. சந்தையில் பரம எதிரிகள். சிப் விஷயத்தில் மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

சிப்பை இடத்தில் நிறுத்தும் ஈயத்துக்கோ வயது இரண்டாயிரத்துக்கு மேல். முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி, காரீயம் இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் கலந்து தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைப்பதை எழுதி வைத்தார். நம் காலத்தின் 63க்கு 37 கலவையில் பங்கு தலைகீழ்: வெள்ளீயம் அதிகம். அது 183 டிகிரியில் உருகும். ஐரோப்பா 2006 ஜூலையில் காரீயத்தை மின்னணுப் பொருள்களிலிருந்து விலக்கியது. காரீயமில்லாத கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். விளையாட்டுப் பெட்டிகளுக்கு இது வெறும் வேதியியல் அல்ல. 2001இல், காரீயத்தைப் போலவே நச்சு உலோகமான காட்மியம் கேபிள்களில் இருந்ததால், நெதர்லாந்து 13 லட்சம் பிளேஸ்டேஷன்களை நிறுத்தி வைத்தது. எக்ஸ்பாக்ஸ் 360 சிவப்பு வளையம் காட்டிச் செத்தபோது, சூடேறி ஆறி, சூடேறி ஆறி சிப்புக்கடியில் இணைப்புகள் விட்டுப்போயிருந்தன. 2007இல் மைக்ரோசாஃப்ட் அவற்றைப் பழுது பார்க்க நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அந்த 360க்குத்தான் 2011இல் பழைய மயக்க மருந்து திரும்பியது. சரியான கணத்தில் பிராசசருக்கு ஒரு மிகச் சிறிய ரீசெட் துடிப்பு கொடுத்தால், பொய்யான நிரலையும் அது அசல் என்று ஒப்புக்கொள்கிறது. கலர் ட்ரீம்ஸின் பேரப்பிள்ளை இது. நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் அதே குலத்துச் சிப்புகள்தான் வந்தன. அவற்றை விற்ற டீம் எக்ஸிக்யூட்டர் குழுவின் காரி பவுசருக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. மரியோவின் பரம எதிரி பெயரும் பவுசர். அப்போது நிண்டெண்டோ அமெரிக்கக் கிளையின் தலைவர் பெயரும் பவுசர். 2023இல் ஸ்விட்ச் சிப்பின் வேலையை ஆர்பி2040 செய்ய ஆரம்பித்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்பதற்காகத் தொடங்கப்பட்ட பிரிட்டனின் ராஸ்பெரி பை வெளியிட்ட சிப் அது. அது பொருந்திய போர்டு 2021இல் வெளிவந்தபோது 4 டாலர். மறுபடியும் அதே கதை: வேறு வேலைக்குச் செய்த மலிவுச் சிப், நான்கைந்து கம்பி, ஒரு சால்டரிங் அயர்ன்.

நீங்களே பழைய பெட்டி ஒன்றைத் திறக்க நினைத்தால், சட்டத்தை முதலில் பாருங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத நோக்கத்துக்கு விலக்கும் உண்டு. அடுத்தது கரண்ட். பழைய பிளேஸ்டேஷனில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளை உதறும் மின்சாரம் தங்கியிருக்கும், அந்தப் போர்டைத் தொடாதீர்கள். ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட்தான். நம் 230இல் நேராகச் செருகினால் சிப் போட வேண்டிய அவசியமே இருக்காது. ஈயம் நன்றாக ஒட்டப் பூசும் ஃப்ளக்ஸில் இருக்கும் பைன் பிசின் புகை ஆஸ்துமாவை வரவழைக்கலாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்; ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட வேண்டாம். மணிக்கட்டில் எர்த் பட்டை, மெல்லிய குட்டைக் கம்பி, கொஞ்சம் ஃப்ளக்ஸ். அயர்ன் முனையை ஒரு இடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்தால் செம்பு பெயர்ந்து வரும். முதலில் செத்த ரேடியோ போர்டு ஒன்றில் கை பழகுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க, ஐரோப்பிய பிளேஸ்டேஷன்களின் டிரைவுக்குள்ளேயே சோனி ஒரு ரகசியத் திறப்புக் கட்டளை வைத்திருந்தது. 2021இல் வெளியான டோனிஹாக்ஸ் என்ற இலவச நிரல் மெமரி கார்டு வழியாக அதைப் பயன்படுத்துகிறது. அந்தப் பெட்டிகளுக்கு இன்று சால்டரிங் அயர்னே தேவையில்லை.