முப்பதில் ஒரு பங்கு: மோட்டுப்பள்ளித் தூண் சொல்லும் சுங்கக் கணக்கு

வெளிநாட்டுக் கடையிலிருந்து ஒரு கேமரா லென்ஸோ கைக்கடிகாரமோ வரவழைத்தவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியும். பொருளுக்குக் காசு கட்டியாச்சு, அனுப்பும் செலவும் கட்டியாச்சு. அப்புறம் கூரியர்காரர் வாசலில் நின்று இன்னொரு தொகை கேட்பார். "எதுக்குங்க?" என்றால், "கஸ்டம்ஸ் சார்" என்பதோடு சரி. வரி கட்டுவதைவிட, எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாததுதான் எரிச்சல்.

இது புதுப் பிரச்சினை இல்லை. சுங்கம் நம் ஊரில் ரொம்பப் பழசு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து கடலுக்கும் போகும் மூட்டைகளில் சோழரின் புலி முத்திரை குத்தப்பட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டப்பெயர். வரியை நீக்கியதற்காக ஒரு அரசனைக் கொண்டாடுகிறார்கள் என்றால், அது எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

ஆனால் எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது ஆந்திரக் கடற்கரையில், கிருஷ்ணா முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள மோட்டுப்பள்ளியின் ஒரு தூண் கல்வெட்டு. 1244 வாக்கில் காகதீய மன்னன் கணபதிதேவன் கடல் வணிகர்களுக்குக் கொடுத்த அபய சாசனம் அது. முந்தைய அரசர்கள், புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, மணிகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறான். இனி அப்படி இல்லை. உரிய சுங்கத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்கிறான். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்குமே முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம், முத்து, தந்தம், செம்பு, பவளம், மிளகு, பாக்கு என்று பொருள்களின் பட்டியலும் உண்டு.

கருணை, புகழ், தர்மம் என்றெல்லாம் சாசனம் காரணம் சொல்கிறது. இருக்கட்டும். கஜானாக் கணக்கும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு தடவை முழுச் சரக்கையும் பிடுங்கினால் அடுத்த கப்பல் வராது. முப்பதில் ஒன்று என்று கல்லில் வெட்டி வைத்தால், வணிகன் கிளம்பும் முன்பே கணக்குப் போடலாம், துணிந்து வருவான்.

இன்றைய சுங்கத்திலும் கல்வெட்டு உண்டு, படிக்கத்தான் சிரமம். பொருள்களின் பட்டியல் இப்போது எச்.எஸ். குறியீடு. 1988 முதல் உலக நாடுகள் பெரும்பாலும் இதையே பின்பற்றுகின்றன. இந்தியாவில் வரி, பொருளின் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்கு.

உதாரணமாக அப்படிச் சேர்த்த தொகை 10,000 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 20% என்று வைத்துக்கொள்வோம். சுங்கம் 2,000. அந்தச் சுங்கத்தின் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி, 200. இப்போது 12,200 ஆகிவிட்டது. இதன்மேல் 18% ஐ.ஜி.எஸ்.டி. போட்டால் 2,196. ஆக மொத்த வரி 4,396 ரூபாய். 20-ஐயும் 18-ஐயும் கூட்டி 38% என்று நினைத்தவர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான்: வரிக்கு மேலும் வரி ஏறுகிறது. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் இதற்கு வெளியே.

விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட்டும் மாறும். அதனால் ஆர்டர் போடும் முன் மூன்றைப் பாருங்கள்: பொருளின் குறியீடும் அதற்கு இன்றுள்ள விகிதமும், கூலியோடு சேர்ந்த மொத்த மதிப்பு, சுங்கத்தை விற்பவரே முன்கூட்டி வசூலிக்கிறாரா, இல்லை நம் தலையிலா என்பது.

மோட்டுப்பள்ளிக்கு வந்த வணிகனுக்குத் தூணே கணக்கைச் சொல்லிவிட்டது. நமக்கு ஒரு கால்குலேட்டர் வேண்டியிருக்கிறது. ஆனாலும் போட்டுப் பார்த்துவிட்டால், வாசலில் கேட்கும் தொகை அதிர்ச்சியாக இருக்காது.