கருத்துக்கணிப்பு சொல்லும் சீட் கணக்கை எவ்வளவு நம்பலாம்? தெலங்கானா காட்டும் பாடம்

தேர்தல் நெருங்கினால் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் கட்டாயம் வந்துவிடும். எந்தக் கட்சிக்கு எத்தனை சீட் என்று அதில் போட்டிருக்கும். சில ஆயிரம் பேரைக் கேட்டு ஒரு மாநிலத்தின் முடிவைச் சொல்லிவிட முடியுமா? ஓரளவு முடியும். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதைப் புரிந்துகொள்ள தெலங்கானாவின் கடைசி இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் உதவும்.

இரண்டும் ஒன்றல்ல

வாக்குப்பதிவுக்கு முன் "யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்பது கருத்துக்கணிப்பு. ஓட்டுப் போட்டவர்களிடம் "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்பது எக்ஸிட் போல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவின்படி, முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவி போன்ற ஊடகங்களில் கருத்துக்கணிப்பு முடிவுகளையும் காட்டக் கூடாது.

எத்தனை பேர் என்பதைவிட, யார் யார்?

ஹைதராபாத்தின் போவன்பள்ளியில் பெரிய காய்கறிச் சந்தை ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் அங்கே போய் நீங்கள் 10,000 பேரிடம் கேட்டிருந்தால் மாநிலத்தின் முடிவு தெரிந்திருக்குமா? வாய்ப்பு குறைவு. அந்தப் பகுதியின் செகந்திராபாத் கன்டோன்மென்ட், கூகட்பள்ளி தொகுதிகளில் ஜெயித்தது பிஆர்எஸ். ஹைதராபாத் மாவட்டத்தின் 15 தொகுதிகளில் ஒன்றுகூட காங்கிரஸுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாநிலத்தின் 119 இடங்களில் 64-ஐப் பிடித்து ஆட்சி அமைத்தது காங்கிரஸ்தான்.

சந்தையில் கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களும் ஷிப்ட்டில் இருப்பவர்களும் விடுபட்டுப் போவார்கள். பதில் சொன்ன எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத் மாவட்டத்தில் 2023-ல் வாக்குப்பதிவு 50 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஓட்டு வேறு, சீட் வேறு

சரியான முறையில், சீரற்ற தேர்வில் 1,000 பேரைக் கேட்டால், ஒரு கட்சியின் வாக்கு சதவீதத்தில் ஏறக்குறைய 3 புள்ளி கூடலாம், குறையலாம். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் பிழை இன்னும் பெரிது, 5 புள்ளிக்கு மேல்கூடப் போகும்.

2023-ல் காங்கிரஸுக்குக் கிடைத்தது சுமார் 39.4%, பிஆர்எஸ்ஸுக்கு சுமார் 37.4%. வித்தியாசம் 2 புள்ளிதான். சீட்டில் அது 64-க்கு 39 ஆனது. கணிப்பு அளப்பது ஓட்டை மட்டும்தான். அதை சீட்டாக மாற்றுவது பழைய முடிவுகளையும் ஊகங்களையும் வைத்துப் போடும் கணக்கு. போட்டி நெருக்கமாக இருந்தால் அந்தக் கணக்கு எந்தப் பக்கமும் சாயலாம். தமிழ்நாட்டில் 2016-ல் பல எக்ஸிட் போல்கள் திமுக என்றன. மே மாதம் முடிவு வந்த 232 தொகுதிகளில் 134-ஐ அதிமுக ஜெயித்தது.

பிழை வரம்பையும் தாண்டிய தவறு

2018 டிசம்பர் 7 அன்று வாக்குப்பதிவு முடிந்ததும், முன்னாள் எம்.பி. லகடபாடி ராஜகோபால் தன் சர்வே முடிவைச் சொன்னார்: காங்கிரஸ் கூட்டணிக்கு 65, டிஆர்எஸ்ஸுக்கு 35, இரண்டிலும் 10 கூடலாம், குறையலாம். டிஆர்எஸ் ஜெயித்தது 88 இடங்களில். இத்தனை பெரிய இடைவெளியை பிழை வரம்பு என்று விளக்க முடியாது. யாரைக் கேட்டோம், அவர்கள் மனதில் இருந்ததைச் சொன்னார்களா என்ற இடத்தில்தான் இப்படிப்பட்ட தவறுகள் பெரும்பாலும் நடக்கும். கேட்பவர் எந்தக் கட்சி ஆளோ என்ற சந்தேகம் வந்தால், யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

உங்கள் பணமும் இதில் இருக்கிறது

2024 மக்களவைத் தேர்தலில் பல எக்ஸிட் போல்கள் பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் கூட்டணிக்குக் கிடைத்தது 293. சென்செக்ஸ் சுமார் 4,390 புள்ளிகள் விழுந்தது.

அடுத்த முறை ஒரு கணிப்பு வந்தால் பாருங்கள்:

• யார் நடத்தியது, பணம் கொடுத்தது யார்?
• எத்தனை பேர், எத்தனை தொகுதிகள், எந்தத் தேதிகளில்?
• நேரிலா, போனிலா, ஆன்லைனிலா? ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?
• வாக்கு சதவீதமும் பிழை வரம்பும் சொல்லப்பட்டிருக்கிறதா, சீட் மட்டும்தானா?
• 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றவர்கள் எத்தனை பேர்?

முன்னணி வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருந்தால், "இழுபறி" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விவரங்கள் எதுவுமே இல்லையென்றால் ஃபார்வர்ட் செய்யாதீங்க. அதை நம்பி "நம்ம ஓட்டால என்ன ஆகப்போகுது" என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம்.