மன்னார்க் கரையில் எண்ணப்பட்ட சர்வகலாசாலை

பல்கலைக்கழக வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வாறு வேர்கொண்டது என்று தமிழுலகில் ஆராயப் புகுவோர், 1823-இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியையோ 1837-இல் தோன்றிய சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையையோ தொடக்கமாகக் கொள்வது வழக்கம். எனினும், அவ்வரலாற்றின் ஊற்றுக்கண் அவற்றுக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் முன்னரே மன்னார்க் கடலோரத்தில் திறந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள், 1544-இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படையால் வெட்டுண்டு மாண்டனர். அவர்கள் தொகை 600 என்று மரபு கூறும். அம்மக்கள் தாம் ஏற்ற விசுவாசத்தைத் தம் சொந்த மொழியில் ஆழ்ந்து கற்பதற்கு அந்நாளில் ஒரு நூலும் அச்சில் இருந்ததில்லை. அக்குறையைத் தீர்க்கும் பணி, அடுத்த தலைமுறையில், அண்டிறிக்கிப் பாதிரியார் என்று கரையோர மக்கள் அழைத்த அன்றீக்கே அன்றீக்கசு என்னும் போர்த்துக்கேயத் துறவிக்கு வாய்த்தது.

யூத வம்சத்தவர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையை விட்டு நீங்க நேர்ந்து, பின் 1545-இல் கொயிம்பிராவில் இயேசு சபையிற் சேர்ந்து, மறு ஆண்டே இந்தியாவுக்குப் புறப்பட்ட இவர், துவிபாஷிகளை நம்பிப் போதிப்பதில் மனநிறைவு கொள்ளாமல் இரவும் பகலும் தமிழ் பயின்று, தம்மொடு பணிபுரிந்த குருமாரும் தம்முள் தமிழிலேயே பேசுதல் வேண்டும் என்று நியமம் செய்தார். இலத்தீன் இலக்கண முறையைத் துணைக்கொண்டு இவர் போர்த்துக்கேய மொழியில் இயற்றிய தமிழ் இலக்கணம், ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களுள் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையதாகும். 1560-இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்து, தமிழகக் கரையிலுள்ள புன்னைக்காயலில் நாயக்கர் படைகளால் இன்னலுற்ற கிறிஸ்தவ மீனவரான பரவரை அங்கே குடியேற்றியபோது பாதிரியாரும் உடன் வந்தார். அக்காலத்தில் அவர் மன்னாரிலிருந்து எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழைக் கற்பிப்பதற்கென ஓர் உயர்கல்விக்கூடம் நிறுவ வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்ததும் இக்காலத்தை ஒட்டியேயாகும்.

இவ்வெண்ணத்தின் அருமையைச் சற்றே நின்று கருதுதல் தகும். கோவாவில் இருந்த கலாசாலை இலத்தீனையும் இறையியலையும் போதித்துக்கொண்டிருக்க, முத்துக்குளிப்போரும் வலைஞரும் வாழ்ந்த ஒரு வறண்ட தீவில், அவர்தம் மொழியையே உயர்கல்விக்குரிய பொருளாக உயர்த்த நினைத்தவர் அவர். பிறன்பால் அன்பு செலுத்துவதற்கு அவன் மொழியைப் பிழையறக் கற்பது முதற்கடமை என்று அவர் உணர்ந்திருந்தமையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. புலமையை அவர் பக்திக்குப் புறம்பாக எண்ணினாரல்லர். எண்ணிய கலாசாலை மன்னாரில் உருப்பெறவில்லை. ஆயினும் பரவர் மனமுவந்து அளித்த பொருளைக்கொண்டு அவர் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்களில் தமிழைத் தன் எழுத்திலேயே அச்சேறிய மொழியாக்கிற்று. 1586-இல் வெளிவந்த ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களைக் கடந்த பெருநூலாயிற்று.

1658-இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாகவே, கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டு, விசுவாசத்தையும் தமிழ்ப் புலமையையும் பிணைத்த அத்தொடர்பு அறுந்தது.

அறுந்த இழையை மீண்டும் எடுத்தவர் மன்னாருக்கு வடக்கே, ஊர்காவற்றுறைக்கு அயலிலுள்ள கரம்பொனில் 1913-இல் பிறந்த தனிநாயகம் அடிகளாவார். ரோமாபுரியில் இறையியல் பயின்று குருப்பட்டம் பெற்றபின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்து சங்க இலக்கியம் கற்ற அவர், 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகவும், பின்னர் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகவும் விளங்கினார். 1950-களில் லிஸ்பனில் அண்டிறிக்கிப் பாதிரியாரின் இலக்கணக் கையெழுத்துப் பிரதியையும், 1554-இல் அந்நகரில் அச்சான தமிழ்ச் சமயப் போதக நூலையும் ஆராய்ந்து உலகறியச் செய்தவரும் அவரே. அவர் 1952-இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழில் திருக்குறளும் சைவ வைணவ பக்தி இலக்கியமும் கிறிஸ்தவர் இயற்றிய நூல்களும் ஒரே மதிப்போடு ஆராயப்பட்டன. குருத்துவ அங்கியோடு வகுப்பறையில் நின்றவர், அவ்விடத்தைப் பிரசங்க மேடையாக்காது, சான்றுகளைச் சான்றுகளாகவே மதித்தமையில்தான் அவருடைய விசுவாசத்தின் நேர்மை தெளிவாக வெளிப்படுகிறது. அவரது முன்முயற்சியால் 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியது. அதே ஆண்டில், அந்தாம் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவி தொகுத்து, அவர் மறைந்தபின் 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கேய அகராதியை, வத்திக்கான் நூலகப் பிரதியைக் கொண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே தனிநாயகம் அடிகள் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஒரு குருவின் கைவண்ணம், இன்னொரு குருவின் சிரத்தையால், சமயச் சார்பற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் வெளியீடாக மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது.