சிப்காட் நாற்றமும் மூளையின் கணக்கும்

மனித மூளை கண்டதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்பதற்கு அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் கடலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியதில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அலை வந்தபோது எங்கே நின்றார்கள், யார் கத்தினார்கள், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதைத் தேவனாம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் தப்பிப் பிழைத்தவர்கள் மறக்க முடியுமா?

இப்போது அதே கடலூரில் இன்னொரு இடம். சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றின் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1980களிலிருந்து ரசாயனம், சாயம், பூச்சிமருந்து, மருந்துப் பொருட்கள் தயாரிக்கும் ஆலைகள் இங்கே வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி போன்ற கிராமங்கள் இவற்றின் அருகிலேயே உள்ளன. போன மாதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அழுகிய முட்டை நாற்றம் வந்தது என்று அங்கே கேட்டால் என்ன பதில் வரும்? "அது எப்பவும் வர்றதுதானே" என்பதைத் தவிர வேறு பதில் வருவது கடினம்.

ஒரு நாள் வந்த அலை மறக்கவில்லை. பல வருடம் வந்த நாற்றத்துக்குத் தேதி இல்லை. ஏன்?

ஏமாந்தால்தான் பாடம்

1960களின் பிற்பகுதியில் லியோன் கேமின் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு சத்தம் கேட்டால் மின் அதிர்ச்சி வரும் என்று எலிகளுக்கு முதலில் பழக்கினார். பிறகு சத்தத்தோடு விளக்கையும் சேர்த்துப் போட்டு, அதே அதிர்ச்சியைக் கொடுத்தார். கடைசியில் விளக்கை மட்டும் போட்டபோது எலிகள் பெரிதாகப் பயப்படவில்லை! அதிர்ச்சி வரும் என்பதைச் சத்தமே முன்கூட்டிச் சொல்லிவிட்டதால், விளக்கு புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை. ஆச்சரியம் இல்லாத இடத்தில் கல்வியும் இல்லை என்பது தெரிந்தது.

1972ல் ரெஸ்கார்லா, வாக்னர் என்ற இருவர் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அதற்கேற்பத்தான் கற்றல் நடக்கும். வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கில் திட்டமிட்ட செலவும் ஆன செலவும் ஒன்றாக இருந்தால் மேலாளர் அந்த வரியைத் திரும்பிப் பார்க்கமாட்டார். வேரியன்ஸ் வந்தால்தான் கூப்பிட்டு விசாரிப்பார். மூளையும் அப்படித்தான்.

பூனைக்காலியும் சர்ப்பகந்தாவும்

மூளைக்குள் இந்த வேரியன்ஸைக் காட்டுவதில் முக்கியமான பொருள் டோபமைன். அதன் வரலாற்றில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு இருக்கின்றன. 1937ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி ஆகியோர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உடலில் டோபமைன் உருவாவது இந்த எல்-டோபாவிலிருந்துதான். இன்னொன்று சர்ப்பகந்தா. அதன் வேரிலிருந்து 1952ல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பைன் பிரிக்கப்பட்டது.

ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957ல் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். அவை அசைவற்றுப் போயின. எல்-டோபா கொடுத்ததும் மீண்டும் நடமாடின. டோபமைன் மூளையில் தனி வேலை உள்ள பொருள் என்பது இந்த வழியில்தான் நிலைநாட்டப்பட்டது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தனி வேலைகளில் ஒன்றைக் காட்டியவர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்கின் வாயில் எதிர்பாராமல் பழச்சாறு விழுந்தால் அதன் டோபமைன் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியதும், சாறுக்குத் துடிப்பு இல்லை, விளக்குக்குத்தான் துடிப்பு. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அதாவது அந்தச் செல்கள் பரிசை அல்ல, பரிசில் உள்ள எதிர்பாராத பங்கைத்தான் கணக்கிட்டன. ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் மூவரும் இதை 1997ல் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள்.

இது நினைவுக்கு எப்படி வருகிறது? 2007ல் அர்ஜென்டினாவின் மொன்காடா, வியோலா இருவரும் எலிகளுக்கு மறுநாளே மறந்துபோகும் அளவுக்கு ஒரு லேசான பாடம் கொடுத்தார்கள். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்போ பின்போ அந்த எலிகளைப் புதிய இடம் ஒன்றில் உலவவிட்டால், அந்தப் பாடம் மறுநாளும் நிலைத்தது! புதுமையைச் சந்தித்த மூளை புதிய புரதங்களைத் தயாரிக்கிறது, அருகில் நடந்த சாதாரண நிகழ்ச்சியும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். பெரிய அதிர்ச்சி நடந்த நாளின் சின்னச் சின்ன விஷயங்கள்கூட மனதில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பயத்தில் டோபமைன் மட்டுமல்ல, நார்அட்ரினலினும் அமிக்டலா என்ற பகுதியும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

மூக்கு மறந்தால் நோட்டு

மீண்டும் சிப்காட்டுக்கு வருவோம். தினமும் வரும் நாற்றத்தில் ஆச்சரியம் இல்லை. போதாக்குறைக்கு மூக்கே ஒரே வாசனைக்குச் சிறிது நேரத்தில் பழகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதிக அளவில் இருந்தால் நுகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

சுனாமி வந்த அதே 2004ஆம் ஆண்டில் சிப்காட் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் சிலர் பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். எந்தத் தேதி, என்ன நேரம், எந்த இடம், அழுகிய முட்டையா, முட்டைக்கோஸா, நெயில் பாலிஷா என்று நாற்றத்தை எழுதி வைத்தார்கள். கலிபோர்னியாவில் 1990களில் தோன்றிய முறைப்படி பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவுகள் அந்த ஆண்டே அறிக்கையாக வந்தன. "எப்பவும் நாறும்" என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது. தேதியும் நேரமும் போட்ட புகாரை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது அல்லவா?

அப்படியானால் அதிர்ச்சியான நிகழ்ச்சிகளுக்காவது நினைவை நம்பலாமா? அதுவும் முழுமையாக முடியாது. 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தி கேட்ட விதத்தை அமெரிக்க மாணவர்களிடம் உல்ரிக் நைசர் எழுதி வாங்கினார். சில வருடங்கள் கழித்துக் கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், அதுவும் உறுதியாக!

2021 மே 13 அன்று சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் 4 பேர் இறந்தார்கள். அது செய்தியானது, நினைவிலும் நிற்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போவதை மூளை தன் கணக்கில் எழுதாது. மூளை எழுதாத அந்தக் கணக்கை மனிதர்கள்தான் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். கடலூரின் கிராமத்து மக்கள் 2004லேயே செய்து காட்டியது அதைத்தான்.